ஒரே அச்சில் இரண்டு பாட்டு: கவிதையின் வடிவம், ஓசை, உணர்வு

பள்ளித் தேர்வில் செய்யுளைப் பற்றி இரண்டு வினாக்கள் தவறாமல் வரும். ஒரு குறளைக் கொடுத்து அலகிட்டு வாய்பாடு எழுதச் சொல்வது ஒன்று. ஒரு பாடலைக் கொடுத்து நயம் பாராட்டச் சொல்வது மற்றொன்று. முதல் வினாவுக்குக் கட்டம் வரைந்து தேமா, புளிமா என்று நிரப்பினோம். இரண்டாவதற்கு மோனை நயம், எதுகை நயம், சந்த நயம் என்று தலைப்பிட்டு, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு சொற்களை எடுத்தெழுதி, இப்பாடல் படிப்போர்க்கு இன்பம் பயக்கிறது என்று முடித்தோம். இரண்டிலும் முழு மதிப்பெண் வாங்கியவர்களில்கூடப் பலருக்கு, அந்தக் கட்டத்துக்கும் இந்த இன்பத்துக்கும் என்ன தொடர்பு என்பது கடைசிவரை விளங்கியிருக்காது. அந்தத் தொடர்பைத் தொடக்க நிலையில் இருப்பவர்க்கு விளங்கும்படி காட்டுவதே இக்கட்டுரையின் வேலை.

இவ்விரண்டையும் தனித்தனி அறைகளில் வைத்தது நம் பாடத்திட்டமே தவிர, நம் இலக்கணம் அன்று. தொல்காப்பியச் செய்யுளியல் ஒரு செய்யுளுக்கு உரிய உறுப்புகள் என்று முப்பத்து நான்கை எண்ணுகிறது. அந்தப் பட்டியல் மாத்திரை, எழுத்து, அசை, சீர், அடி என்று ஓசையின் மிகச் சிறிய அளவுகளிலிருந்து தொடங்குகிறது. ஆனால் அதே பட்டியலில், அதே வரிசையில், பேசுபவர் யார் என்னும் கூற்றும், கேட்பவர் யார் என்பதும், மெய்ப்பாடு என்று அது பெயரிடும் உணர்ச்சியும் சேர்ந்தே வருகின்றன. அசையும் உறுப்பு, அழுகையும் உறுப்பு. ஒன்றை அளந்துவிட்டு மற்றொன்றை வேறொரு நாளைக்கு ஒத்திவைக்கலாம் என்று தொல்காப்பியர் நினைக்கவில்லை.

எடுத்துக்காட்டாக இரண்டு சங்கப் பாடல்களை எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் ஐந்தைந்து அடிகள் கொண்டவை. இரண்டும் பலர் முன்பே அறிந்தவை. அறிந்த பாட்டை எடுப்பதற்குக் காரணம் உண்டு: பொருள் தேடி அகராதி புரட்டும் வேலை மிச்சமாகும், காது ஓசையின் பக்கம் திரும்பும்.

முதலாவது, புறநானூற்றின் 112ஆம் பாட்டு. பறம்பு மலையை ஆண்ட பாரியை மூவேந்தரும் முற்றுகையிட்டுக் கொன்றபின், அவன் மகளிர் பாடியது.

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம் எம் குன்றும் பிறர் கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்று எறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார் யாம் எந்தையும் இலமே.

சென்ற மாதத்து வெண்ணிலவில் எங்கள் தந்தையும் எங்களுக்கு இருந்தார், எங்கள் குன்றையும் பிறர் கொள்ளவில்லை. இந்த மாதத்து வெண்ணிலவில், வென்று முழக்கும் முரசுடைய வேந்தர் எங்கள் குன்றையும் கொண்டார்கள், நாங்கள் தந்தையையும் இழந்தோம். இவ்வளவுதான் செய்தி.

இரண்டாவது, குறுந்தொகையின் 40ஆம் பாட்டு. பிரிந்துவிடுவானோ என்று அஞ்சும் தலைவியிடம் தலைவன் சொல்வது.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி அறிதும்
செம்புலப் பெயல்நீர் போல
அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே.

என் தாயும் உன் தாயும் யார் யாரோ. என் தந்தையும் உன் தந்தையும் எந்த வகையில் உறவினர். நானும் நீயும் எப்படி ஒருவரை ஒருவர் அறிந்தோம். செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர் போல அன்புடைய நெஞ்சங்கள் தாமாகவே கலந்துவிட்டன. இதைப் பாடியவரின் இயற்பெயர் மறைந்துபோய், பாட்டில் உள்ள உவமையே அவருக்குப் பெயராகி, செம்புலப்பெயனீரார் என்று வழங்குகிறார்.

ஒன்று ஒப்பாரி, மற்றொன்று காதல். இவ்விரண்டின் யாப்பும் எவ்வளவு தொலைவில் இருக்கும் என்று எதிர்பார்ப்போம்? அளந்து பார்ப்போம்.

அளப்பது எப்படி

யாப்பின் அடிப்படை அளவு அசை. எழுத்து குறிலா, நெடிலா, பின்னால் ஒற்று ஒட்டியிருக்கிறதா என்ற மூன்று கேள்விகள் போதும். தனிக் குறிலோ தனி நெடிலோ, ஒற்றுடனோ ஒற்றில்லாமலோ நின்றால் அது நேரசை. ஒரு குறில் இன்னொரு குறிலோடோ நெடிலோடோ சேர்ந்து, ஒற்றுடனோ ஒற்றில்லாமலோ நின்றால் அது நிரையசை. யாப்பருங்கலக் காரிகை என்னும் யாப்பு நூலைக் கற்பவர்கள் இதை ஒரு சிறு சரடாக மனத்தில் வைத்துக்கொள்வார்கள்: ஆ, ழி, வெள், வேல் என்பவை நேர், வெறி, சுறா, நிறம், விளாம் என்பவை நிரை. ஐயம் வரும்போதெல்லாம் கையில் உள்ள அசையை இந்த எட்டில் ஒன்றோடு ஒத்துப் பார்த்தால் தீர்ந்தது.

இரண்டு அசை சேர்ந்தால் ஈரசைச் சீர். நேர் நேர் என்றால் தேமா, நிரை நேர் என்றால் புளிமா, நிரை நிரை என்றால் கருவிளம், நேர் நிரை என்றால் கூவிளம். இவற்றின் பின் இன்னொரு நேர் வந்தால் தேமாங்காய், புளிமாங்காய் என்று காய் காய்த்துவிடும். மரமும் காயுமாக அமைந்த இந்த வாய்பாடுகளைக் கேலி செய்பவர்கள் உண்டு. ஆனால் தேமா என்ற சொல்லே நேர் நேர் என்றும், புளிமா என்ற சொல்லே நிரை நேர் என்றும் அலகு பெறுவதைக் கவனித்தால், விதியும் எடுத்துக்காட்டும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது தெரியும்.

தொடங்குவோர் தடுக்கி விழும் இடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இன்றைய பதிப்புகள் வாசகர் வசதிக்காகச் சொற்களைப் பிரித்து அச்சிடுகின்றன. சொல்லின் எல்லையும் சீரின் எல்லையும் ஒன்றல்ல. புறப்பாட்டின் இரண்டாம் அடியில் அச்சில் ஆறு சொற்கள் நிற்கின்றன, சீர்களோ நான்குதான். எந்தையும், உடையேமெம், குன்றும், பிறர்கொளார் என்று அதைப் பிரிக்க வேண்டும். அவ்வாறே 'வேந்தர் எம்' என்று அச்சில் பிரிந்து நிற்பதை வேந்தரெம் என்று சேர்த்தே அலகிட வேண்டும். ஓலைச்சுவடியில் சொற்பிரிப்பும் இல்லை, அடிக்கு ஒரு வரி என்ற ஏற்பாடும் இல்லை, நிறுத்தக்குறியும் இல்லை. எழுத்து இடையறாமல் ஓடியது. அடி எங்கே முடிகிறது என்பதைக் காதும் யாப்பும்தான் சொல்லின. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சிட்டபோது, அந்தத் தொடர் எழுத்திலிருந்து அடிகளையும் சொற்களையும் பிரித்தெடுக்க யாப்பறிவு கைவிளக்காக இருந்திருக்கும். இன்னொரு சிறு நுணுக்கம்: சொல்லின் இடையிலும் கடையிலும் வரும் ஐகாரம் குறுகி ஒலிப்பதால் அதைக் குறிலாகக் கொள்வது வழக்கம். ஆகவே எந்தையும் என்பது எந், தையும் எனப் பிரிந்து நேர் நிரை, அதாவது கூவிளம் ஆகும்.

இப்போது இரண்டு பாடல்களின் முதல் அடிகளையும் அலகிடலாம்.

அற், றைத் / திங், கள் / அவ், வெண் / ணில, வின். இது தேமா, தேமா, தேமா, புளிமா.

யா, யும் / ஞா, யும் / யா, ரா / கிய, ரோ. இதுவும் தேமா, தேமா, தேமா, புளிமா.

தந்தையை இழந்தவர்களின் முதல் அடியும், காதலியின் அச்சத்தைப் போக்குகிறவனின் முதல் அடியும் வாய்பாட்டில் ஓர் அசைகூட மாறாமல் ஒத்து நிற்கின்றன. ஒப்புமை இங்கே முடியவும் இல்லை. இரண்டிலும் முதல் மூன்று அடிகள் நாற்சீர் அடிகள். நான்காம் அடி முச்சீர் அடி. ஐந்தாம் அடி மீண்டும் நாற்சீர் அடி. இறுதி எழுத்து ஏகாரம். இரண்டின் கடைசி இரு சீர்களும் கூவிளம், புளிமா. ஈற்றுக்கு முந்தைய அடி மூன்று சீர்களாகக் குறுகி வரும் ஆசிரியப்பாவுக்கு நேரிசை ஆசிரியப்பா என்று பெயர். இரண்டு பாடல்களும் அந்த ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை.

பாவும் அதன் நடையும்

ஆசிரியப்பாவின் ஓசை அகவலோசை என்று சொல்வார்கள். அகவல் என்பது அழைத்துச் சொல்லுதல். பேச்சுக்கு மிக நெருங்கிய ஓசை. அது எவ்வாறு பிறக்கிறது என்பதைத் தளை காட்டும். ஒரு சீரின் கடைசி அசைக்கும் அடுத்த சீரின் முதல் அசைக்கும் உள்ள உறவே தளை. நேரில் முடிந்த ஈரசைச் சீரை அடுத்து நேரே வந்தாலும், நிரையில் முடிந்த சீரை அடுத்து நிரையே வந்தாலும் ஆசிரியத்தளை. நேரை அடுத்து நிரையும் நிரையை அடுத்து நேரும் மாறி வந்தால் இயற்சீர் வெண்டளை. காயில் முடிந்ததை அடுத்து நேர் வந்தால் வெண்சீர் வெண்டளை.

இந்த வேறுபாட்டைக் காதால் கேட்க வேண்டுமானால், எல்லோர் நாவிலும் இருக்கும் ஒரு குறளைச் சொல்லிப் பாருங்கள்: கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக. ஏழு சீர், அவற்றுக்கு இடையே ஆறு தளை. ஆறும் இயற்சீர் வெண்டளை. நேருக்குப் பின் நிரை, நிரைக்குப் பின் நேர் என்று ஒவ்வொரு காலடியும் மாறி மாறி விழுவதால், சொல்வதை எண்ணி அடுக்கி வைத்தது போன்ற செப்பலோசை கிடைக்கிறது. வெண்பாவில் இந்த ஒழுங்கு ஓரிடத்தில் தவறினாலும் பா கெட்டுவிடும்.

ஆசிரியப்பாவில் அந்தக் கெடுபிடி இல்லை. புறப்பாட்டில் பத்தொன்பது சீர்களுக்கு இடையே உள்ள பதினெட்டுத் தளைகளில் பதினொன்று ஆசிரியத்தளை, ஏழு வெண்டளை. குறுந்தொகைப் பாட்டிலும் பதினெட்டுத் தளைகள். பதின்மூன்று ஆசிரியத்தளை, ஐந்து வெண்டளை. தன் தளை மிகுதியாகவும் பிற தளை இடையிடையே கலந்தும் வரலாம் என்ற இந்தத் தாராளம்தான் ஆசிரியப்பாவைப் பேச்சுக்கு அருகில் வைத்திருக்கிறது. துயரத்தையும் அதில் சொல்லலாம், காதலையும் சொல்லலாம், பரிசில் கேட்கலாம், போர்க்களத்தையும் பாடலாம். எட்டுத்தொகையின் பெரும்பகுதி இந்தப் பாவில் அமைந்திருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை.

ஆக, வடிவத்தின் பெயரைச் சொல்லி உணர்வைப் பிடித்துவிட முடியாது. இன்ன பா என்றால் இன்ன உணர்வு என்று அட்டவணை போடும் பழக்கம் தொடக்கத்திலேயே கைவிட வேண்டிய ஒன்று. ஏகாரத்தில் முடிவதால் 'இலமே' ஏக்கத்தைக் காட்டுகிறது என்று விடைத்தாளில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கலாம். 'கலந்தனவே' என்பதும் அதே ஏகாரத்தில்தான் முடிகிறது என்று யாராவது கேட்டால் பதில் இராது. பின் எதற்கு அலகிட வேண்டும்? அச்சு ஒன்றாக இருக்கும்போதுதான், அதற்குள் ஒவ்வொரு பாட்டும் எங்கே அழுத்துகிறது, எங்கே தளர்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். அதற்காகவே.

ஒரே தேமா, வேறு ஓசை

முதல் அடிகளுக்கே திரும்புவோம். இரண்டிலும் ஆறு நேரசைகள் தொடர்ந்து வருகின்றன. ஆனால் நேரசை ஒரு குடும்பம். அதற்குள் நான்கு பேர் உண்டு. புறப்பாட்டின் ஆறு நேரசைகளையும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்: அற், றைத், திங், கள், அவ், வெண். ஆறும் ஒற்றில் முடிகின்றன. ஒவ்வோர் அசையின் முடிவிலும் வாய் ஒருமுறை மூடிக்கொள்கிறது அல்லது நா எங்கேனும் ஒட்டிக்கொள்கிறது. தொண்டை அடைத்தவர் ஒவ்வொரு சொல்லாக விட்டு விட்டுப் பேசுவதைப் போல அந்த அடி நகர்கிறது. ஏழாவது அசையான ணில என்பதில்தான் முதன்முதலாக ஒற்று நீங்கி ஓசை திறக்கிறது. அந்த அடியின் ஒரே நிரையசையும் அதுவே. அடைத்து அடைத்து வந்த ஓசை நிலவு என்னும் சொல்லில் வந்து வெளிச்சத்துக்குத் திறக்கிறது. மூன்றாம் அடியில் அற்றை இற்றையாகவும் அவ்வெண் இவ்வெண்ணாகவும் மாறியதைத் தவிர எல்லாம் அப்படியே திரும்ப வருவதால், அதே அடைப்பும் அதே திறப்பும் திரும்ப நிகழ்கின்றன. நிலவு மாறவில்லை. சுட்டெழுத்து மட்டும் சேய்மையிலிருந்து அண்மைக்கு வந்திருக்கிறது.

குறுந்தொகையின் ஆறு நேரசைகள் வேறு விதமானவை: யா, யும், ஞா, யும், யா, ரா. நான்கு நெடில்கள் ஒற்றின்றித் திறந்து கிடக்கின்றன. எழுத்துகளும் யகரம், ஞகரம், ரகரம் என மெல்லினமும் இடையினமும்தான். வல்லினம் அடியின் கடைசிச் சீருக்கு வந்தபின்தான் தலைகாட்டுகிறது. ஒருத்தியின் முகத்தைப் பார்த்தபடி நிதானமாகப் பேசுகிறவனின் நீளமான குரல் அதில் கேட்கிறது. அலகு ஒன்று, வாய்பாடு ஒன்று, ஓசை இரண்டு. இந்த வேறுபாட்டுக்குத் தொல்காப்பியம் வைத்திருக்கும் பெயர் வண்ணம். இருபது வண்ணங்களை அது எண்ணுகிறது. நெட்டெழுத்துப் பயின்று வருவது நெடுஞ்சீர் வண்ணம், குற்றெழுத்துப் பயின்று வருவது குறுஞ்சீர் வண்ணம் என்று அவற்றுள் சில நேரடியாகவே ஓசையின் தன்மையைச் சொல்கின்றன. பள்ளியில் தேமாவோடு நிறுத்திவிட்டு வண்ணத்துக்குப் போகாததால்தான் நயம் பாராட்டல் வெறும் தலைப்புகளாகச் சுருங்கிவிட்டது என்பது என் எண்ணம்.

தொடையை, அதாவது எதுகை, மோனை போன்ற ஒலியொற்றுமைகளை, விரைவாகப் பார்த்துவிடலாம். புறப்பாட்டில் அற்றை, இற்றை என்பது எதுகை. ஆனால் அடுத்தடுத்த அடிகளில் வராமல் ஓரடி இடையிட்டு வருகிறது. இப்படி இடையிட்டு வரும் எதுகையைத் தாஅ வண்ணம் என்பார் தொல்காப்பியர். வென்றெறி, குன்றும் என்று கடைசி இரண்டு அடிகளும் தமக்குள் எதுகை கொள்கின்றன: வென்றவர்களின் அடியும் குன்றைப் பறிகொடுத்த அடியும். மோனை அற்றை, அவ்வெண், இற்றை, இவ்வெண், வென்றெறி, வேந்தர் என்று முதற்சீரிலும் மூன்றாம் சீரிலும் அமைகிறது. இவற்றைக் கண்டெடுப்பது எளிது. கண்டெடுத்தபின், இந்த ஒலியொற்றுமை எந்த இரண்டு பொருள்களை அருகருகே நிறுத்துகிறது என்று கேட்காவிட்டால் கண்டெடுத்ததில் பயனில்லை.

இரண்டு காய்ச்சீர்கள்

புறப்பாட்டை முழுமையாக அலகிட்டவர்களுக்கு ஒன்று புலப்பட்டிருக்கும். பத்தொன்பது சீர்களில் பதினேழு ஈரசைச் சீர்கள். இரண்டே இரண்டு மூவசைச் சீர்கள். குறுந்தொகைப் பாட்டில் மூவசைச் சீர் ஒன்றுகூட இல்லை. காய்ச்சீர் வெண்பாவுக்கு உரிய சீர். ஆசிரியப்பாவில் அது விருந்தாளியாக வரலாம், பிழையில்லை. ஆனால் விருந்தாளி எந்த நேரத்தில் கதவைத் தட்டினார் என்று பார்க்க வேண்டும்.

முதலாவது, இரண்டாம் அடியில் உள்ள உடையேமெம்: உடை, யே, மெம், புளிமாங்காய். இரண்டாவது, கடைசி அடியில் உள்ள கொண்டார்யாம்: கொண், டார், யாம், தேமாங்காய். பொருளை இப்போது சேர்த்துப் பாருங்கள். 'எந்தையும் உடையேம்' என்று ஒரு வாக்கியம் முடிந்து, 'எம் குன்றும்' என்று அடுத்த வாக்கியம் தொடங்கும் இடம் முதல் காய்ச்சீர். 'குன்றும் கொண்டார்' என்று ஒரு வாக்கியம் முடிந்து, 'யாம் எந்தையும் இலமே' என்று அடுத்தது தொடங்கும் இடம் இரண்டாம் காய்ச்சீர். இன்றைய பதிப்புகளில் அரைப்புள்ளி போடுகிற இடங்கள் இவை. வாக்கியம் சீரின் எல்லையில் முடியாமல் சீரின் நடுவே முடிகிறது. முடிந்தவுடன் மூச்சு விட இடம் தராமல், அதே சீருக்குள் எம் என்றும் யாம் என்றும் தன்மைப் பன்மைச் சொல் உள்ளே நுழைகிறது. அதனால்தான் சீர் ஓர் அசை பெருத்திருக்கிறது. உடையேம் என்ற சொல்லும் கொண்டார் என்ற சொல்லும் பாட்டின் இரண்டு முனைகள்: இருந்தது, பறிபோனது. யாப்பு வழக்கத்தைவிடச் சற்றே கனத்து நிற்பதும் அந்த இரண்டு முனைகளில்தான்.

இதைப் பாரி மகளிர் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பாடுகிறவரின் காது செய்யும் வேலையைப் படிக்கிறவரின் கண் பின்னால் வந்து கண்டுபிடிக்கிறது, அவ்வளவே. இப்படி ஒரு பாட்டின் ஒவ்வோர் உறுப்பும் நம்மைத் திரும்பிப் பார்க்க வைக்கும் தன்மைக்கும் செய்யுளியலில் ஒரு பெயர் உண்டு. நோக்கு என்பது அது. மாத்திரை முதல் அடி வரை எல்லாவற்றிலும் அது செயல்படும் என்கிறது நூற்பா.

குறுகிய அடி

நேரிசை ஆசிரியப்பாவில் கட்டாயம் கவனிக்க வேண்டிய இடம் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி. மூன்று அடிகளாக நான்கு நான்கு சீர் கேட்டுப் பழகிய காது, நான்காவது அடியிலும் நான்காவது சீரை எதிர்பார்க்கிறது. அது வராது. அந்தச் சிறு வெற்றிடத்தில் பாட்டு ஒரு நொடி தயங்கி, பிறகு முடிவுக்குள் இறங்கும். எல்லா நேரிசை ஆசிரியப்பாவிலும் இது நடக்கும். அந்தத் தயக்கத்தில் எந்தச் சொல்லை நிறுத்துகிறார் என்பதில்தான் புலவரின் கைவண்ணம் இருக்கிறது.

குறுந்தொகைப் பாட்டில் அங்கே நிற்பது 'போல'. செம்புலப் பெயல்நீர் போல, என்று சொல்லி நிறுத்துகிறான். அதுவரை மூன்று அடிகள் கேள்விகளாக வந்தன. இப்போது உவமை வந்துவிட்டது, உவமிக்கப்படும் பொருள் இன்னும் வரவில்லை. கேட்பவள் ஒரு நொடி காத்திருக்கிறாள். பிறகு 'அன்புடை நெஞ்சம் தாம் கலந்தனவே' என்று விடை வருகிறது. தயக்கம் நிறைவேறுகிறது.

புறப்பாட்டில் அங்கே நிற்பது 'எம்'. 'வென்று எறி முரசின் வேந்தர் எம்' என்று அடி முடிகிறது. எம் என்பது தனியே நிற்க முடியாத சொல். எங்கள் என்றால், எங்கள் எது என்ற கேள்வி உடனே எழும். விடையான குன்று அடுத்த அடிக்குப் போய்விட்டது. இரண்டாம் அடியில் 'எம் குன்றும்' என்று ஒரே அடியில் சேர்ந்திருந்த இரண்டு சொற்கள், இங்கே அடியின் எல்லையால் பிரிக்கப்பட்டிருக்கின்றன. உடைமையைக் குறிக்கும் சொல் ஒரு புறம், உடைமை மறு புறம். எம் என்னும் சொல்லுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்பவர் வேந்தர். அகவல் அடிகள் எம், நின் போன்ற சொற்களில் முடிவது சங்கப் பாடல்களில் புதுமை அன்று. ஆகவே இதை மட்டும் வைத்துப் பெரிய கோட்டை கட்டக் கூடாது. ஆனால் இரண்டாம் அடியும் நான்காம் அடியும் ஒரே சொற்களை இப்படி ஒருமுறை சேர்த்தும் ஒருமுறை பிரித்தும் வைத்திருப்பது கண்ணில் பட்டபின், அதைக் காணாததுபோல் கடந்து போகவும் முடியவில்லை.

உணர்வுக்குப் பெயர் வைப்பது

இனி மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டாக வகுக்கிறது. பாட்டு சோகமாக இருக்கிறது, மகிழ்ச்சியாக இருக்கிறது என்று நிறுத்திக்கொள்பவர்களுக்கு அந்த இயல் கற்றுத்தரும் பயனுள்ள பாடம் ஒன்று உண்டு: ஒவ்வொரு மெய்ப்பாட்டுக்கும் அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கைச் சேர்த்தே சொல்கிறது. அழுகை என்று மட்டும் சொல்லாமல் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கில் எதனால் பிறந்த அழுகை என்று கேட்கிறது. பிறரால் இழிவுபடுவதும், வேண்டியவரையும் வேண்டியதையும் இழப்பதும், பண்டைய நிலை தாழ்வதும், இல்லாமையும் ஒன்றல்ல. அவை நான்கும் வெவ்வேறு அழுகைகள்.

புறப்பாட்டில் இருப்பது இழவினால் வந்த அழுகை என்பது வெளிப்படை. பாட்டின் துறையும் கையறுநிலை, அதாவது ஒருவர் இறந்தபின் செயலற்று இரங்குவது. ஆனால் பாட்டில் அழுகை என்ற சொல் இல்லை, கண்ணீர் இல்லை, பாரியின் பெயர்கூட இல்லை. அன்று, இன்று என்ற இரண்டு சட்டங்கள் மட்டும் உள்ளன; இடைப்பட்ட மாதத்தில் நடந்த முற்றுகை, கொலை எதுவும் சொல்லப்படவில்லை. உணர்வை ஆராயும்போது சொல்லப்பட்டதைப் பார்ப்பதுபோலவே சொல்லாமல் விட்டதையும் பார்க்க வேண்டும். அழுகைக்கு நடுவே வேறொரு குரலும் கேட்கிறது. 'வென்று எறி முரசின் வேந்தர்' என்ற அடையில் உள்ள வெற்றி உண்மையான வெற்றிதானா? தனித்தனியே வெல்ல முடியாமல் மூவர் சேர்ந்து வந்தவர்களை வென்றவர்கள் என்று அழைப்பதில் இகழ்ச்சிக் குறிப்பு இருப்பதாக உரைகாரர்கள் கொள்வார்கள். பறம்பு நாட்டின் முந்நூறு ஊர்களையும் பரிசிலர் பெற்றுவிட்டனர் என்று அதே முற்றுகையைப் பற்றிக் கபிலர் பாடியதையும் (புறநானூறு 110) சேர்த்துப் படித்தால், அந்த இகழ்ச்சி காதில் தெளிவாகவே விழும்.

குறுந்தொகைப் பாட்டில் உள்ளது உவகை. அதன் நான்கு களன்களில் புணர்வினால் வந்தது. ஆனால் அதன் பழைய குறிப்பு, பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய தலைவியின் முகக்குறிப்பைக் கண்டு தலைவன் சொல்லியது என்று கூறுகிறது. அப்படியானால் உவகையின் அடியில் அவளுடைய அச்சம் இருக்கிறது. மூன்று கேள்விகளும் அந்த அச்சத்தை நோக்கியே வீசப்படுகின்றன. யார் யாரிடம் பேசுகிறார் என்ற கூற்று தெரியாமல் உணர்வைக் கணிக்கப் புகுந்தால், அந்தக் கேள்விகளை வெறும் வியப்பு என்று தவறாக எண்ணிவிடுவோம்.

இரண்டு பாடல்களிலும் வரும் ஒரே உறவுச் சொல் எந்தை. குறுந்தொகையில் அது ஒருமுறை, இரண்டாம் அடியின் தொடக்கத்தில், நுந்தையோடு இணையாக வருகிறது; கேட்டுவிட்டுக் கடந்துபோகும் சொல். புறப்பாட்டிலும் அது இரண்டாம் அடியின் தொடக்கத்தில்தான் முதலில் வருகிறது, குன்றுக்கு முன்னால். முதலில் தந்தை, பிறகு குன்று. கடைசி அடியில் வரிசை தலைகீழாகிறது: முதலில் குன்று, பிறகு தந்தை. நாட்டை இழந்ததை முதலில் சொல்லிவிட்டு, தந்தையை இழந்ததை ஈற்றில் வைக்கிறார்கள். எந்தையும் இலமே என்ற அந்த ஈற்றின் வாய்பாடு கூவிளம் புளிமா. தாம்கலந் தனவே என்பதன் வாய்பாடும் அதுவே. இரண்டு பாடல்களையும் உரக்கப் படித்து, கடைசி இரு சீர்களில் குரல் எங்கே தாழ்கிறது என்று கேளுங்கள். 'கலந்தனவே' என்பதில் ஒரே வினை இரண்டு சீர்களிலும் பரவிக் கிடப்பதால், குரல் சீரின் எல்லையை உணராமலே அதைக் கடந்து செல்கிறது. எந்தையும் என்ற சீர் முடிந்தவுடன் குரல் தானாகவே நின்றுவிடுகிறது. 'இலமே' தனியாக வருகிறது.